நிலத்தடி நீர், பனி, புவி அறிவியல்: மேற்படிப்புக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

புவி அறிவியலில் முதுநிலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ போக நினைக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நிலத்தடி நீரிலும் பனி ஆய்விலும் கூடுதலாக நின்று பேசியிருந்தாலும், எரிமலை, நிலநடுக்கம், பாறையியல் பக்கம் போகிறவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

புவி அறிவியல் மேற்படிப்பு என்றால் பாறைகளுக்குப் பெயர் சொல்லப் பழகுவதுதானே?

பெயர் சொல்லப் பழகுவது இளநிலையின் வேலை. மேற்படிப்பில் கேள்வியே வேறு. இறங்கிப் பார்க்க முடியாத ஓர் ஆழத்தில் என்ன நடக்கிறது என்பதை, மேலே கிடைக்கும் சொற்ப அளவீடுகளை வைத்துக் கணிக்க வேண்டும். அந்தக் கணிப்பு எவ்வளவு தூரம் பிசகியிருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடினமானது இந்த இரண்டாவது பாதிதான். ஆய்வேட்டை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் துருவித் துருவிக் கேட்பதும் அதைப் பற்றித்தான்.

நிலத்தடி நீருக்கும் பனிக்கும் என்ன உறவு? ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

உலகின் நன்னீரில் ஏறத்தாழ 69 விழுக்காடு பனியாறுகளிலும் துருவப் பனிவிரிப்புகளிலும் உறைந்து கிடக்கிறது. சுமார் 30 விழுக்காடு நிலத்துக்கு அடியில் இருக்கிறது. ஆறு, ஏரி என்று கண்ணில் படுபவை எல்லாம் மிச்சமிருக்கும் ஒரு விழுக்காட்டுச் சொச்சத்துக்குள் அடங்கிவிடும்.

அளக்கும் கருவிகளும் பொதுவானவை. 2002இல் நாசாவும் ஜெர்மனியும் சேர்ந்து அனுப்பிய கிரேஸ் என்பது, ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்த இரு செயற்கைக்கோள்கள். கீழே நிறை கூடினாலோ குறைந்தாலோ ஈர்ப்பு விசை இம்மியளவு மாறும். இரண்டுக்கும் இடையிலான தூரமும் அதற்கேற்ப மாறும். அந்த மாற்றத்தைக் கொண்டு கிரீன்லாந்து இழந்த பனியைக் கணக்கிட்டார்கள். பாசனத்துக்கு இறைத்து வற்றிக்கொண்டிருந்த நிலத்தடி நீரையும் அதே தரவிலிருந்து கணக்கிட்டார்கள். 2018 முதல் கிரேஸ்-எஃப்ஓ என்ற அடுத்த இணை அந்தப் பணியைத் தொடர்கிறது. செயற்கைக்கோளுக்குத் தெரிவது நிறை மட்டும். குறைந்தது நிலத்தடி நீரா, மண்ணின் ஈரமா, பனியா, அல்லது பழைய பனியுகச் சுமை நீங்கியதால் இன்னமும் மெல்ல எழும்பிக்கொண்டிருக்கும் பாறையின் விளைவா என்று பிரித்துச் சொல்வது மனிதர் வேலை. எத்தனையோ ஆய்வேடுகளுக்கு இந்தப் பிரிக்கும் வேலையே பொருளாக இருந்திருக்கிறது.

வயதைக் கண்டறிவதிலும் இதே கதை. கிரிப்டான்-81 என்ற கதிரியக்க ஐசோடோப்பின் (ஒரே தனிமத்தின் எடை மாறிய அணுவகை) அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 2.3 லட்சம் ஆண்டுகள். எகிப்தின் மேற்குப் பாலைவனத்துக்கு அடியிலுள்ள நீர், இடத்துக்கு இடம் 2 லட்சம் முதல் 10 லட்சம் ஆண்டுகள்வரை பழமையானது என்று அதை வைத்துத்தான் சொன்னார்கள். அண்டார்க்டிகாவின் டெய்லர் பனியாற்றில் 1.2 லட்சம் ஆண்டுப் பழைய பனியை உறுதிசெய்ததும் அதே ஐசோடோப்தான்.

எனக்கு மிகப் பிடித்த சான்று கிரீன்லாந்தின் தென்கிழக்கில் இருக்கிறது. 2011 வசந்தத்தில், உருகும் பருவம் தொடங்குவதற்கு முன்பே, அங்கே துளையிட்டவர்களுக்குப் பனிக்குள்ளிருந்து திரவ நீர் வடியும் உருளைகள் கிடைத்தன. கோடையில் உருகிய நீர், பல ஆண்டு பழைய இறுகிய பனியின் இடுக்குகளில் இறங்கித் தங்கியிருந்தது. அடுத்து விழுந்த கனத்த பனிப்பொழிவு அதன்மேல் போர்த்திக்கொண்டதால் குளிர்காலம் முழுவதும் அது உறையவில்லை. மண்ணுக்குப் பதில் பனியில் அமைந்த நீர்த்தாங்கி, அதாவது நீர் தேங்கும் அடுக்கு, அது. அதில் நீர் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று அறிய, கிணற்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் அதே சோதனைகளைத்தான் அங்கேயும் செய்தார்கள். பனி ஆய்வுக் குழுவில் நிலத்தடி நீர் படித்தவருக்கு என்ன வேலை என்று இனி யாரும் கேட்க முடியாது.

இளநிலையில் நான் நிலவியல் படிக்கவில்லை. இயற்பியல், கணிதம், வேதியியல், கட்டடப் பொறியியல் படித்தவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். பனி இயக்கவியல் குழுக்களில் இயற்பியலிலிருந்து வந்தவர்கள் நிறைய. நிலத்தடி நீரில் கட்டடப் பொறியியலும் வேதியியலும் வழக்கமான வாசல்கள். நிலவியல் பாடங்கள் ஒன்றிரண்டைச் சேர்ந்த பிறகு படிக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். தலைகீழான நிலைதான் சிக்கல்: நிலவியல் நன்றாகத் தெரியும், ஆனால் நுண்கணிதத்தைப் பள்ளியோடு கைவிட்டாயிற்று என்பவர்கள் முதல் பருவத்திலேயே திணறுகிறார்கள். பாறையைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். வகைக்கெழுச் சமன்பாட்டை இருபத்தைந்து வயதில் அவசர அவசரமாகக் கற்பது வேதனை.

அப்படியானால் எவ்வளவு கணிதம் வேண்டும்?

இரண்டு விதிகளைச் சொல்கிறேன், அளவு புரிந்துவிடும். பிரான்சின் திஜோன் நகரில் மணல் நிரப்பிய குழாய் வழியே நீரைச் செலுத்திப் பார்த்து ஹென்றி டார்சி 1856இல் வெளியிட்டது முதல் விதி: நீர்மட்டச் சரிவு இரட்டித்தால் மணலுக்குள் பாயும் நீரும் இரட்டிக்கும். 1950களில் ஜான் கிளென் ஆய்வகத்தில் பனிக்கட்டியை அழுத்திப் பார்த்துக் கண்டது இரண்டாவது: பனி உருமாறும் வேகம், தகைவின் (ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் விசையின்) ஏறத்தாழ மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. தகைவு இரட்டித்தால் வேகம் எட்டு மடங்கு. முதலாவது நேர்கோட்டு உறவு, இரண்டாவது அப்படியல்ல. பனி மாதிரிகளைக் கணினியில் தீர்ப்பது ஏன் கடினம் என்பதற்கு இந்த ஒரு வேறுபாடே பாதிக் காரணம்.

பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், நேரியல் இயற்கணிதம், புள்ளியியல் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். சமன்பாடு ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்பதையும் கவனியுங்கள். கிணற்றில் நீர் இறைக்கும்போது சுற்றிலும் நீர்மட்டம் நேரத்தோடு எப்படி இறங்கும் என்பதற்கு சார்லஸ் தைஸ் 1935இல் தந்த தீர்வு, வெப்பக் கடத்தலிலிருந்து எடுத்தாளப்பட்டது. இன்றும் ஆழ்துளைக் கிணற்றுச் சோதனைகளில் அது பயன்படுகிறது.

முதுநிலை முடித்துவிட்டு முனைவர் பட்டமா, நேரடியாக முனைவர் பட்டமா?

அமெரிக்காவில் இளநிலை முடித்தவரை நேரடியாக முனைவர் பட்டத்துக்கு எடுப்பது வழக்கம். ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் முதுநிலை கட்டாயம். அதன்பின் மூன்று, நான்கு ஆண்டுகள். வேலைக்காகப் படிக்கிறீர்கள் என்றால், குறிப்பாக நிலத்தடி நீரில், முதுநிலையோடு நிறுத்திக்கொள்வது முழுக்க நியாயமான முடிவு. நீரியல் ஆலோசனை நிறுவனங்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது அந்தப் பட்டத்தைத்தான். பனியில் அப்படியில்லை. அங்கே ஆய்வுக்கு வெளியே வேலைகள் குறைவு. பனியே வாழ்க்கை என்று முடிவு செய்தவர் முனைவர் பட்டத்தைத் தவிர்க்க முடியாது.

செலவை யார் ஏற்பார்கள்?

முனைவர் பட்டத்துக்குக் கைக்காசு போடாதீர்கள். அமெரிக்காவில் கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் பொறுப்பு தந்து, கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதப்படியும் தருவார்கள். நார்வே, டென்மார்க், சுவீடன், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் முனைவர் பட்ட மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். பிரிட்டனில் அரசு ஆய்வு நிதியத்தின் உதவித்தொகை உண்டு என்றாலும் வெளிநாட்டவருக்கான இடங்களுக்கு உச்சவரம்பு இருக்கிறது. நிதி இல்லாமல் இடம் மட்டும் தருவதாக வரும் கடிதத்தை மறுப்புக் கடிதமாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

முதுநிலையில் நிலைமை கலவையானது. ஆய்வேடு எழுதும் முதுநிலைக்கு அமெரிக்கப் புவி அறிவியல் துறைகளில் நிதி கிடைப்பதுண்டு. பாடங்கள் மட்டும் கொண்ட முதுநிலைக்கு அரிது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் லிஸ்பன், டெல்ஃப்ட், டிரெஸ்டன் ஆகிய மூன்று நகரங்களில் நகர்ந்து நகர்ந்து படிக்கும் ‘கிரவுண்ட்வாட்ச்’ என்ற நிலத்தடி நீர் முதுநிலை உருவானது. அதைப் போன்ற கூட்டுப் படிப்புகளுக்கு உதவித்தொகை உண்டா என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?

தரவரிசைப் பட்டியலை மூடி வையுங்கள். இந்தத் துறையில் புகழ் ஊருக்கு இல்லை, குழுவுக்குத்தான். காற்றுக்குமிழிகளில் பழைய கரியமிலவாயுவை அளப்பதற்கு பெர்ன், பனித்தண்டு (துளையிட்டு எடுக்கும் பனி உருளை) ஐசோடோப்புக்கு கோபன்ஹேகன், நிலத்தடி நீருக்குக் கனடாவின் வாட்டர்லூவும் சுவிட்சர்லாந்தின் நெஷாத்தலும், நீர் மேலாண்மைக்கு டெல்ஃப்டின் ஐஎச்இ, துருவ ஆய்வுக்கு பிரேமர்ஹாபனில் உள்ள ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனம். இவற்றில் சிலவற்றைப் பொதுத் தரவரிசையின் முதல் நூறில் தேடினால் ஏமாந்துபோவீர்கள்.

ஆய்வு நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். அவருடைய கடைசி ஐந்தாறு கட்டுரைகளைப் படியுங்கள். அவற்றில் முதல் ஆசிரியராக இருப்பது அவரா, அவருடைய மாணவர்களா என்று பாருங்கள். மாணவர்களுக்கு முதலிடம் தருகிறவர் நல்ல அறிகுறி. பட்டம் பெற்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று தேடுங்கள். இரண்டாவதை எந்த இணையதளமும் சொல்லாது. குழுவில் இப்போது இருக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களிடம் “அவர் நல்லவரா?” என்று கேட்டுப் பயனில்லை. “வரைவை அனுப்பினால் எத்தனை வாரத்தில் திருப்பித் தருவார்? களப்பணியில் கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வார்?” என்று கேளுங்கள். பதிலுக்கு முன் வரும் தயக்கமே நிறையச் சொல்லிவிடும்.

களப்பணி உள்ள குழு என்றால் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: முகாமில் பாதுகாப்பு, தொந்தரவு பற்றிய எழுத்துபூர்வ விதிகள் உண்டா, புகார் சொல்ல வேண்டியவர் அதே முகாமின் தலைவரா? தனிமையான முகாம்களில் பெண் ஆய்வாளர்கள் சந்தித்த துன்புறுத்தல்கள் துருவ ஆய்வுத் துறையில் வெளிப்படையாகப் பேசப்பட்டுவிட்டன. இதைக் கேட்பதால் யாரும் உங்களைத் தவறாக நினைக்கக் கூடாது. நினைக்கிறவரிடம் போகாமல் இருப்பதே நல்லது.

முதல் மின்னஞ்சல் சிறியதாக இருக்கட்டும். நீங்கள் யார், அவருடைய எந்த வேலை உங்களை ஈர்த்தது, அதிலிருந்து உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி என்ன, வரும் ஆண்டில் மாணவரை எடுக்கிறாரா. இவ்வளவு போதும். “மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் உன்னதமான ஆய்வு” என்று தொடங்கி நாற்பது பேருக்கு ஒரே நகல் போனால், நாற்பது பேருக்கும் அது தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

அண்டார்க்டிகாவுக்குப் போக முடியுமா?

சிலர் போகிறார்கள். பனி ஆய்வில் முனைவர் பட்டம் பெற்று ஒருமுறைகூடத் துருவத்தை மிதிக்காதவர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் பட்டத்துக்கு எந்தக் குறையும் இல்லை. ரேடார் தரவு, செயற்கைக்கோள் தரவு, கணினி மாதிரி என்று மேசையிலேயே முடிகிற வேலைதான் அதிகம்.

போகிறவர்களுக்கு: தென் துருவக் களப்பருவம் ஏறத்தாழ நவம்பர் முதல் பிப்ரவரி வரை, கிரீன்லாந்தில் மே முதல் ஆகஸ்ட் வரை. அமெரிக்கத் திட்டத்தில் போவதென்றால் உடல் பரிசோதனையோடு பல் பரிசோதனையும் கட்டாயம், ஏனென்றால் அழுகிய கடைவாய்ப்பல் ஒன்றுக்காக ஒரு விமானத்தையே திருப்ப வேண்டியிருக்கும். மேகம் மூடினால் விமானம் வராது. நாட்கணக்கில் கூடாரத்துக்குள் காத்திருப்பதும் களப்பணிதான். 78 பாகை வடக்கே, ஸ்வால்பார்டில் உள்ள பல்கலைக்கழக மையத்தில் களத்துக்குப் போகும் மாணவர்களுக்குத் துருவக்கரடிப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கிப் பயிற்சியே கொடுக்கிறார்கள்.

நிலத்தடி நீர் களப்பணி இவ்வளவு கவர்ச்சியானதல்ல. கிணறு கிணறாகப் போய் நீர்மட்டம் அளந்து, பழைய நீரை இறைத்து வெளியேற்றி, மின்கடத்துதிறன் நிலைப்படும்வரை காத்திருந்து, புட்டியில் மாதிரி எடுத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி... பிறகு அடுத்த கிணறு. பெயர்ச்சீட்டில் தேதி விட்டுப்போனால் அந்த நாளே வீண். ஆனால் அடுத்த மாதமும் போகலாம், அதற்கடுத்த மாதமும் போகலாம். தரவு தொடர்ச்சியாகச் சேரும். துருவத்தில் ஒரு பருவம் கெட்டால் ஓர் ஆண்டு போயிற்று. ஆய்வு மாணவர் நிம்மதியாகப் பட்டம் முடிக்க எது உதவும் என்று பார்த்தால், என் ஓட்டு கிணற்றுக்குத்தான்.

போவதற்கு முன் பனியைத் தொட்டுப் பார்க்க வழி உண்டா?

உண்டு. அலாஸ்காவில் தொடங்கி பனிப்பரப்பின் மேலேயே வாரக்கணக்கில் நடந்து கடக்கும் ஜூனோ பனிவெளி ஆய்வுத் திட்டம் இளநிலை மாணவர்களையும் எடுக்கிறது. முனைவர் பட்டத்தைத் தொடங்கிவிட்டவர்களுக்கு அலாஸ்காவின் மெக்கார்த்தியிலும் இத்தாலியின் கார்த்தவுஸிலும் பனியியல் கோடைப் பள்ளிகள் நடக்கின்றன. இந்தத் துறையில் பின்னாளில் கூட்டாளிகளாகப் போகிறவர்கள் முதலில் சந்திப்பது பெரும்பாலும் இம்மாதிரி இடங்களில்தான்.

ஆய்வகத்தில் என்ன வேலை இருக்கும்?

பனித்தண்டு என்றால் குளிர்அறை. பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ இருபது பாகைக் குளிரில், கனத்த கையுறையோடு, பனியை நீளவாக்கில் அறுப்பது. நீர் மாதிரி என்றால் வடிகட்டி, நிறமாலைமானி, தர ஒப்பீட்டு மாதிரிகள். நீரிலுள்ள கனமான ஐசோடோப்புகளான ஆக்ஸிஜன்-18, டியூட்டீரியம் இரண்டையும் அளப்பது இரு பக்கத்துக்கும் பொது. உலகெங்கும் மழையிலும் பனியிலும் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் விழும் என்று ஹார்மன் கிரெய்க் 1961இல் காட்டினார். உங்கள் மாதிரி அந்தக் கோட்டிலிருந்து விலகினால் நீர் வழியில் ஆவியாகியிருக்கலாம், அல்லது புட்டியின் மூடி சரியில்லை. முதலில் மூடியைச் சந்தேகியுங்கள்.

எந்த மென்பொருள்களைக் கற்க வேண்டும்?

பைத்தான். வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ். நிலத்தடி நீருக்கு அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் மாட்ஃபுளோ. 1980களிலிருந்து வளர்ந்துவருகிறது, இலவசம். பனிக்கு எல்மர்/ஐஸ், பிஸ்ம் போன்றவை, அவையும் இலவசம்.

புதிதாகக் கண்டுபிடிக்க இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?

நிறைய. பனிவிரிப்புக்கு அடியில் நிலத்தடி நீர் இருக்கிறதா என்ற எளிய கேள்விக்கே அண்மையில்தான் நேரடிச் சான்று கிடைத்தது. மேற்கு அண்டார்க்டிகாவில், பனிவிரிப்புக்குள் வேகமாக நகரும் வில்லன்ஸ் பனியோடைக்குக் கீழேயுள்ள வண்டல் படிவில் பெருமளவு நீர் இருப்பதை, பூமியின் மின்காந்தப் புலங்களை அளந்து 2022இல் காட்டினார்கள். அந்த நீர் பனியின் வழுக்கலை எப்படி மாற்றுகிறது என்பது இன்னும் முடியாத வழக்கு.

பனித்தண்டில், அண்டார்க்டிகாவில் துளையிட்ட எபிகா என்ற ஐரோப்பியத் திட்டம் தந்த 8 லட்சம் ஆண்டுப் பதிவுதான் பல ஆண்டுகளாக நீளமானதாக இருந்தது. அதற்கும் பின்னே போகும் முயற்சியில் ஓர் ஐரோப்பியக் குழு 2025 ஜனவரியில் 2,800 மீட்டர் ஆழத்தில் பாறையைத் தொட்டது. 12 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பழைய பனி கையில் கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனியுகச் சுழற்சி 41 ஆயிரம் ஆண்டுகளிலிருந்து 1 லட்சம் ஆண்டுகளாக ஏன் நீண்டது என்ற கேள்விக்கு விடை அந்தப் பனியில் இருக்கலாம். அதற்குள்ளேயே இன்னொரு தலைவலி: பனிக்குள் சிறைப்பட்ட காற்று, சுற்றியிருக்கும் பனியைவிட இளையது. பனி பல பத்து மீட்டர் ஆழத்துக்குப் புதைந்து இறுகிய பிறகுதான் குமிழி மூடிக்கொள்கிறது. பனி மிகக் குறைவாக விழும் இடங்களில் இந்த வேறுபாடு ஆயிரக்கணக்கான ஆண்டுகளைத் தொடும்.

நீர்ப் பக்கம் வந்தால், மலைநாட்டு ஆறுகளில் ஓடுவதில் எவ்வளவு உருகிய பனி, எவ்வளவு பாறை இடுக்குகளில் தங்கி வந்த நிலத்தடி நீர் என்பது பெரிய விவாதம். நேபாள இமயமலையில் 2012இல் வெளிவந்த ஆய்வு, இரண்டாவது வழியாக வருவது பல மடங்கு அதிகம் என்றது. உறைநிலம் இளகும்போது புதிதாகத் திறக்கும் நீர்வழிகள், கடல்மட்டம் உயரும்போது கரையோர நீர்த்தாங்கிகளில் உவர்நீர் நுழைவது, இறைத்த நீர் கடைசியில் கடலைச் சேர்வது என்று பட்டியல் நீளும். 1993 முதல் 2010 வரை இறைக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்ட 2,150 பில்லியன் டன் நிலத்தடி நீர், பூமியின் சுழல்முனையையே ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நகர்த்தியிருக்கிறது என்று 2023இல் ஒரு கணக்கு வந்தது.

படித்து முடித்தால் என்ன வேலை?

நிலத்தடி நீருக்கு: குடிநீர் வாரியங்கள், மாசகற்றும் நிறுவனங்கள், சுரங்கங்கள், சுரங்கப்பாதைத் திட்டங்கள். பனிக்கு: ஆய்வு நிறுவனங்கள், செயற்கைக்கோள் தரவு நிறுவனங்கள், காப்பீட்டுத் துறையின் இடர்க் கணிப்பு. இரண்டும் சேரும் ஓர் எதிர்பாராத இடம் அணுக்கழிவுப் புதைப்பு. சுவீடனும் பின்லாந்தும் கழிவைப் பாறைக்கடியில் வைக்கும்போது, அடுத்த பனியுகத்தில் மேலே பனிவிரிப்பு படர்ந்தால் கீழே நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்குக் காட்டியாக வேண்டும். அதற்காகவே கனடாவையும் சேர்த்துக்கொண்டு கிரீன்லாந்துப் பனியின் விளிம்பில் ஆய்வு நடத்தினார்கள்.

ஜிஆர்இ என்ற மேற்படிப்புப் பொதுத் தேர்வு எழுத வேண்டுமா?

பல அமெரிக்கப் புவி அறிவியல் துறைகள் அதைக் கைவிட்டுவிட்டன. துறையின் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எப்போது விண்ணப்பிக்கத் தொடங்க வேண்டும்?

அமெரிக்காவில் அடுத்த இலையுதிர்ப் பருவத்துக்கான கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரிலோ ஜனவரியிலோ வரும். ஆகவே நெறியாளர்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே எழுதிவிடுங்கள். ஐரோப்பாவில் முனைவர் பட்ட இடங்கள் வேலை விளம்பரம்போல ஆண்டு முழுவதும் வரும், சில வாரங்களில் மூடிவிடும். சுயவிவரமும் சான்றிதழ் நகல்களும் எப்போதும் தயாராக இருக்கட்டும். பரிந்துரைக் கடிதம் தருகிறவர்களுக்குக் குறைந்தது ஒரு மாத அவகாசம் கொடுங்கள். உங்கள் ஆய்வேட்டுச் சுருக்கத்தையும், எந்தெந்த இடங்களுக்கு எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்ற பட்டியலையும் அவர்களுக்குச் சேர்த்தே அனுப்புங்கள்.